அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம்: எந்த சேனல், எந்த ஆப், எப்படிப் பார்ப்பது?

நவம்பர் பிறந்தால் போதும், நண்பர்கள் இதைத்தான் கேட்பார்கள். ஃபுட்பால் எந்த சேனலைத் திருப்பினாலும் ஓடுகிறது, இந்தக் கல்லூரி மல்யுத்தம் எங்கே ஒளிந்திருக்கிறது? பையனோ பெண்ணோ பள்ளியில் மல்யுத்தத்தில் சேர்ந்ததும் வீட்டில் எல்லோருக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொள்ளும். டிவியில் தேடுவார்கள், கிடைக்காது, விட்டுவிடுவார்கள். உண்மையில் பெரிய கல்லூரிகளின் போட்டிகள் பெரும்பாலும் எங்கேயாவது நேரலையில் வருகின்றன. ஒரே இடத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. போட்டி யாருடைய ஊரில் நடக்கிறது என்று பாருங்கள். ஒளிபரப்பு உரிமை பொதுவாக அந்தக் கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில் (கல்லூரிகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு) இருக்கிறதோ அதன் கையில் இருக்கும். அயோவாவும் அயோவா ஸ்டேட்டும் மோதும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அயோவாவின் ஊரான அயோவா சிட்டியில் நடந்தால் அது பிக் டென் கான்ஃபரன்ஸ் பக்கம், அயோவா ஸ்டேட்டின் ஊரான ஏம்ஸில் நடந்தால் பிக் 12 கான்ஃபரன்ஸ் பக்கம். அதே இரண்டு அணிகள்தான், ஆனால் நீங்கள் திறக்க வேண்டிய ஆப் வேறு.

முதலில் அட்டவணை

உங்களுக்குப் பிடித்த ஒரு அணியைத் தேர்ந்தெடுங்கள். யாரையும் தெரியாது என்றால் பென் ஸ்டேட், அயோவா, ஓக்லஹோமா ஸ்டேட் மூன்றில் ஒன்று. அந்தக் கல்லூரியின் விளையாட்டு இணையதளத்தில் மல்யுத்தப் பக்கத்துக்குப் போய் அட்டவணையைத் திறந்தால், ஒவ்வொரு போட்டிக்கும் பக்கத்தில் சேனல் அல்லது ஆப்பின் பெயர் இருக்கும். அதை அப்படியே போன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். நேரத்தை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அயோவாக்காரர்கள் 7 மணி என்று போட்டால் அது சென்ட்ரல் நேரம், நியூ ஜெர்சியில் இருக்கிறவருக்கு 8 மணி.

இரண்டு கல்லூரிகள் மட்டும் மோதுவதை டூயல் மீட் என்பார்கள். வெள்ளி இரவும் ஞாயிறு பகலும்தான் இதற்குப் பழக்கமான நேரம். பத்து எடைப் பிரிவு, பத்து ஆட்டம், இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

அடுத்து சந்தா

பிக் டென்னில்தான் பெரிய தலைகள் இருக்கிறார்கள், மல்யுத்தத்துக்கு மட்டும் 14 அணிகள். இங்கே இரண்டு வழி இருக்கிறது, புதியவர்கள் குழம்புவது இங்கேதான். பிக் டென் நெட்வொர்க் என்பது டிவி சேனல். கேபிளிலோ, யூடியூப் டிவி போன்ற நேரலைச் சேவையிலோ வரும். பிக் டென் பிளஸ் என்பது தனிச் சந்தா கட்டிப் பார்க்கிற ஸ்ட்ரீமிங். சந்தா கட்டிவிட்டோமே, எல்லாம் அதில் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். டிவி சேனலில் காட்டுகிற போட்டி அந்த ஸ்ட்ரீமிங்கில் நேரலையாக வராது. அயோவா – பென் ஸ்டேட் மாதிரி எல்லோரும் காத்திருக்கிற டூயல் பெரும்பாலும் சேனலுக்குத்தான் போகும், மிச்சம்தான் ஸ்ட்ரீமிங்குக்கு. எனவே பெரிய போட்டிகள் மட்டும் போதும் என்றால் சேனல் வருகிற சேவையை எடுங்கள். ஒரே கல்லூரியின் ஒவ்வொரு ஆட்டமும் வேண்டும் என்றால்தான் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிக் 12, ஐவி லீக் அணிகளின் சொந்த ஊர்ப் போட்டிகளுக்கு ஈஎஸ்பிஎன் ஆப்பில் தேடுங்கள். 2025 ஆகஸ்டில் அந்த ஆப் சந்தாவை இரண்டு அடுக்காகப் பிரித்தார்கள். பழைய ஈஎஸ்பிஎன் பிளஸ் இப்போது செலக்ட், டிவி சேனல்களையும் சேர்த்துத் தருவது அன்லிமிடெட். பிக் 12 டூயல்களுக்குப் பெரும்பாலும் சின்ன அடுக்கே போதும். ஏசிசி அணிகள் என்றால் ஏசிசி நெட்வொர்க் வருகிற சந்தா வேண்டும். இன்னொரு விஷயம், எஸ்இசி கான்ஃபரன்ஸில் மல்யுத்தமே கிடையாது. ஓக்லஹோமாவும் மிசௌரியும் மற்ற விளையாட்டுகளில் அங்கே போய்விட்டாலும் மல்யுத்தத்துக்கு மட்டும் பிக் 12-இல் இருக்கிறார்கள். எஸ்இசி சேனலில் தேடித் தேடிக் களைக்க வேண்டாம்.

பல கல்லூரிகள் ஒரே கூரைக்குக் கீழே மோதும் சில டோர்னமென்டுகள் ஃப்ளோரெஸ்லிங் என்ற தளத்தில் வரும். முதல் வருடமே அதற்குப் பணம் கட்டாதீர்கள் என்பது என் கருத்து. ஒரு சீசன் பாருங்கள், பைத்தியம் பிடித்தால் அடுத்த வருடம் யோசிக்கலாம். எந்தச் சந்தாவாக இருந்தாலும் தானாகப் புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள், ஏப்ரலில் பார்க்க ஒன்றும் இருக்காது. காசே செலவழிக்காமல் தொடங்க வேண்டுமென்றால் யூடியூபில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் மல்யுத்தச் சேனலில் பழைய ஆட்டங்கள் நிறையக் கிடைக்கின்றன.

ஆப்பை டிவியில் போட்டதும் ஒரு குறியீட்டு எண் வரும், அதைப் போனில் திறந்த பக்கத்தில் அடித்தால் வேலை முடிந்தது. இதைப் போட்டிக்கு முந்தைய நாளே செய்துவிடுங்கள். பதிவு செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: முன்னால் ஓடும் பாஸ்கெட்பால் ஆட்டம் இழுத்துவிட்டால் மல்யுத்தத்தின் கடைசி இரண்டு எடைப் பிரிவுகள் பதிவில் விழாது. முடியும் நேரத்தை ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள்.

திரையில் என்ன பார்ப்பது

இது ஒலிம்பிக் மல்யுத்தம் இல்லை, ஃபோக்ஸ்டைல் என்ற அமெரிக்க முறை. முதல் சுற்று 3 நிமிடம், பிறகு இரண்டு 2 நிமிடச் சுற்றுகள். நிற்கிறவரைக் கீழே தள்ளி அடக்கினால் டேக்டவுன், 3 புள்ளி (2023 வரை 2 தான்). கீழே இருப்பவர் நழுவி எழுந்துவிட்டால் 1. கீழிருந்தே புரட்டி மேலே வந்துவிட்டால் 2. இரண்டு தோளையும் மேட்டில் (தரை விரிப்பில்) அழுத்திப் பிடித்தால் பின், அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது.

திரை ஓரத்தில் ஓடும் இன்னொரு கடிகாரத்தைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. அது ரைடிங் டைம். யார் மேலே இருந்து எவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தார் என்ற கணக்கு அதில் ஓடுகிறது. முடிவில் ஒருவருக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் 1 புள்ளி. ஆட்டம் சமனில் இருக்கும்போது மேலே இருப்பவர் ஏன் புதிதாக எதுவும் செய்யாமல் கணுக்காலை இறுகப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று தோன்றினால் அந்தக் கடிகாரத்தைப் பாருங்கள், 0:54, 0:55 என்று ஏறிக்கொண்டிருக்கும். அரங்கமே எழுந்து நிற்பது அதற்காகத்தான். பயிற்சியாளர் ஒரு பஞ்சுக் கட்டியை மேட்டுக்குள் வீசினால் நடுவரின் தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

டூயலில் அணிக்கு வருகிற புள்ளி தனிக் கணக்கு. சாதாரண வெற்றிக்கு 3, எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் 4, பதினைந்து வித்தியாசம் வந்தால் 5, பின் செய்தால் 6. அதனால்தான் தோற்கப்போகிறவர்கூட பின் ஆகாமல் கழுத்தை வளைத்துப் பாலம் போட்டுத் தாங்குகிறார். அவர் காப்பாற்றுகிற மூன்று புள்ளியில் அணி பிழைக்கலாம்.

பெண்கள் மல்யுத்தத்துக்கு 2026 மார்ச்சில்தான் முதல்முறையாக என்சிஏஏ சாம்பியன்ஷிப். அவர்கள் ஆடுவது ஃப்ரீஸ்டைல், ஒலிம்பிக் விதி, எனவே மேலே சொன்ன கணக்கு அங்கே செல்லாது. மகள் மல்யுத்தம் பழகுகிற வீட்டில் அதை அவசியம் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

மார்ச்: மூன்று நாள்

டிவிஷன் ஒன், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டத்துக்கான என்சிஏஏ சாம்பியன்ஷிப் மார்ச்சில் ஒரு வியாழன் தொடங்கிச் சனி இரவு முடியும். ஒவ்வொரு எடைக்கும் 33 பேர், மொத்தம் 330 பேர். இதற்கு மட்டும் தேடவே வேண்டாம், எல்லாம் ஈஎஸ்பிஎன் சேனல்களிலும் ஆப்பிலும்தான். முக்கிய ஒளிபரப்பு ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஆப்பில் ஒவ்வொரு மேட்டும் தனித்தனி ஸ்ட்ரீமாகக் கிடைக்கும். என்சிஏஏ தளத்தில் பிராக்கெட்டை (யார் யாரோடு மோதுகிறார் என்ற வரைபடம்) போனில் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் வீரர் எந்த மேட்டில் என்று பார்த்து அங்கே போய்விடுங்கள்.

வெள்ளி இரவை மட்டும் தவறவிடாதீர்கள். டிவி அரையிறுதியைக் காட்டும், நியாயம்தான். அதற்கு முன் மூன்று முறை சாம்பியனாகியிருந்த ஸ்பென்சர் லீயை 2023-இல் டல்சாவில் பர்டூவின் மேட் ராமோஸ் கடைசி நொடியில் பின் செய்தது அப்படியொரு அரையிறுதியில்தான். ஆனால் அதே இரவில் பக்கத்து மேட்களில் பிளட் ரவுண்ட் நடக்கிறது. அதில் ஜெயித்தால் முதல் எட்டுக்குள் வந்து ஆல் அமெரிக்கன் என்ற பட்டம். தோற்றால் கையில் ஒன்றுமில்லாமல் வீடு. நாலைந்து வருடம் உடல் எடையைக் கட்டிக்காத்து, காது வீங்கிச் சுருங்கிப் போன ஒரு பையனுக்கு அதுவே கல்லூரியின் கடைசி ஆட்டமாக இருக்கலாம். முடிந்ததும் ஒருவன் பயிற்சியாளர் மேல் பாய்ந்து தொங்குவான், இன்னொருவன் மேட்டிலேயே முகம் புதைத்துக் கிடப்பான். முக்கிய ஒளிபரப்பு இதற்கு அதிகம் திரும்பாது. டிவியில் அரையிறுதியை வைத்துவிட்டு லேப்டாப்பில் இந்த மேட்டைத் திறந்து வையுங்கள்.

சனி இரவு இறுதிப் போட்டிகள் ஒரே மேட்டில், ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து. 2025-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஓர் இறுதியில், ஏற்கெனவே ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த கேபிள் ஸ்டீவ்சன் 4–2 என்று முன்னிலையில் இருந்தார். கடைசி அரை நிமிடத்துக்குள் ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹெண்ட்ரிக்ஸன் ஒரு டேக்டவுன் அடித்தார், 5–4.  அந்த ஆட்டம் யூடியூபில் கிடைக்கும், இன்றைக்கே பாருங்கள், ஓரத்துக் கடிகாரத்தின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.