பெண்கள் நடத்தும் தொழில்களிடம் வாங்கும்போது கம்பெனிகள் செய்யும் தவறுகள்

மார்ச் 8 நெருங்கினால்தான் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டுக்குப் பெண்கள் நடத்தும் தொழில்கள் நினைவுக்கு வரும். சணல் பை நூறு, மெழுகுவர்த்தி இருநூறு, மேடையில் ஒரு போட்டோ. அடுத்த ஆர்டர் அடுத்த மார்ச்சில். முதல் தவறு இது. அட்டைப்பெட்டி, லேபிள், மெஷின் பாகம், கேன்டீன் சாப்பாடு என்று வருடம் முழுக்க வாங்குவதில் அவர்களுக்கு இடம் கொடுங்கள். ஒரே சப்ளையரை நம்பி, அங்கே வேலை நின்றதும் லைனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர்களுக்கு இன்னொரு சப்ளையர் இருப்பதன் அருமை தெரியும்.

மத்திய அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதில் இலக்கு உண்டு. ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினருடையவற்றிடம் 4, பெண்களுடையவற்றிடம் 3. தனியாருக்குக் கட்டாயமில்லை. அதனால்தானோ என்னவோ, அங்கே பல இடங்களில் கணக்கே வைப்பதில்லை.

பெரிய தவறு, பணத்தை இழுத்தடிப்பது. நான் பர்ச்சேஸில் இருந்த காலத்தில் ஒரு அக்கா அட்டைப்பெட்டி சப்ளை செய்தார். கிராஃப்ட் பேப்பர் ரீலுக்கு அவர் ரொக்கம் கட்ட வேண்டும்; எங்கள் கம்பெனி பில்லுக்கு 90 நாள். நடுவில் வளையல் அடகுக்குப் போய்விட்டு வரும். ஒருமுறை வராமலே போனது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அக்கா ஒருநாளும் வட்டி கேட்டதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் பிடி இறுகியது. கெடு தாண்டினால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டலாம். சரி, இனி சீக்கிரம் கொடுப்பார்கள் என்று பார்த்தால், ‘உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லாத ஆளாகப் பாருங்கள்’ என்ற ஃபைனான்ஸ்காரர்களும் உண்டு!

அப்புறம், பினாமி. பெண்களுக்கு 51 சதவீதப் பங்கு என்று காகிதத்தில் இருக்கும், நடத்துவது கணவராக இருப்பார். அதற்காகப் போனைக் கணவர் எடுத்தாலே சந்தேகப்படாதீர்கள். குடும்பத் தொழிலில் யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். நேரில் போய் ரேட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த அம்மா அங்கேயே கால்குலேட்டரைத் தட்டுகிறாரா, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறாரா என்று கவனித்தால் போதும்.