எஃப்.சி.யில் திருப்பி அனுப்பப்பட்ட மினி லாரி

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றும் வண்டி. வயது 8 தாண்டியதால் இனி வருடா வருடம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். இந்த முறை பிரேக் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுத்தது.

பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தோம். வலது பக்க வீல் சிலிண்டர் (ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் பாகம்) கசிந்து, லைனர் (உரசி வண்டியை நிறுத்தும் பட்டை) முழுக்க பிரேக் ஆயில் ஊறியிருந்தது. இடது லைனர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. குன்னூர் இறக்கத்தில் பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் லைனர் சூடேறி இப்படித்தான் ஆகும். இரண்டாவது கியரில் இறக்குங்கள், பிரேக் பிழைக்கும்.

ஆயில் ஊறிய லைனரை உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம் என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சூடானதும் ஆயில் மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் புது லைனர், புது சிலிண்டர் போட்டு, லைனர் உரசும் டிரம்மை லேத்தில் கடைந்து, பிரேக் லைனில் காற்றை எடுத்தோம்.

அப்புறம் ஒளிரும் பட்டை: முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. பழையது உரிந்திருந்ததால் புதிதாக ஒட்டினோம். பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்கு அந்தச் சிவப்புதான் முதலில் தெரியும். அடுத்த முறை காட்டியபோது எஃப்.சி. கிடைத்துவிட்டது.