குட்டி விலங்கும் கதிரியக்க உலோகமும்: கணக்கில் நேரும் பிழைகள்

பேராக்கின் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை விட்டுச்சென்ற தோரியக் கழிவு பற்றியோ, வெள்ளீயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற, கதிரியக்கக் கனிமங்கள் கலந்த ‘அமாங்’ எச்ச மணல் பற்றியோ பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் மாணவர்கள் எழுதும்போது, வளர்ந்த விலங்கின் உறிஞ்சல் விகிதத்தை (விழுங்கிய உலோகத்தில் குடல்வழி இரத்தத்தைச் சேரும் பங்கை) அப்படியே எடுத்து உடல் எடைக்கேற்பக் குறைத்துக் குட்டிக்குப் பொருத்திவிடுவது எளிதாகத் தோன்றலாம். அது அடிப்படைத் தவறு. பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் தோரியத்துக்கும் புளூட்டோனியத்துக்கும் குடல்வழி உறிஞ்சலை வயது வந்தவருக்கு 0.05 விழுக்காடாகவும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதன் பத்து மடங்காகவும் வகுத்தது. ஆனால் இந்தப் பத்து மடங்கை எல்லா உலோகங்களுக்கும் நீட்டுவதும் பிழையே. சீசியம் எந்த வயதிலும் ஏறக்குறைய முழுமையாக உறிஞ்சப்படுகிறது.

வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் குடலின் முதிர்ச்சி. பிறந்த எலிக்குட்டியின் குடற்செல்கள் தாய்ப்பாலிலுள்ள நோய் எதிர்ப்புரதங்களைச் சிதைக்காமல் விழுங்கக்கூடியவை. கரையாத உலோகமும் அவ்வழியே உள்ளே நுழைந்துவிடும். இந்த வாயில் எலியில் பால் மறக்கும் மூன்றாம் வாரத்தையொட்டி அடைபடுகிறது, பன்றிக்குட்டியிலோ ஓரிரு நாளிலேயே. ஆகவே எந்த விலங்கு, பிறந்து எத்தனை நாள் என்று குறிப்பிடாமல் ‘இளம் விலங்கு’ என்று மட்டும் எழுதுவதில் பொருளில்லை.

அதிகம் ஏமாற்றுவது குடற்சுவர்தான். அங்குள்ள செல்களுக்குள் புகுந்த புளூட்டோனியத்தில் பெரும்பகுதி இரத்தத்தைச் சேராமல் தங்கி, பின்னர் அச்செல்கள் உதிரும்போது மலத்தோடு வெளியேறுகிறது. முழு உடலையும் பிரிக்காமல் கதிர்வீச்சை எண்ணும் கருவியில் வைத்து அளந்துவிட்டு, கிடைத்த எண்ணை ‘உறிஞ்சப்பட்ட அளவு’ என்று எழுதினால் அது பன்மடங்கு மிகைக் கணக்காகிவிடும்; இரைப்பை குடல் பாதையைப் பிரித்தெடுத்த பிறகே எஞ்சிய உடலை அளக்க வேண்டும்.

வளர்ச்சியும் கணக்கைக் கலைக்கும். பிறக்கும்போது 6 கிராம் இருந்த குட்டி மூன்று வாரத்தில் 42 கிராம் ஆனால், ஓர் அணுவும் வெளியேறாமலே கிராமுக்கான செறிவு ஏழில் ஒரு பங்காகும். அதை உலோகம் உடலைவிட்டு வெளியேறியதாகப் படிப்பவர்கள், உடலிலுள்ள மொத்தக் கதிரியக்கத்தைப் பெக்கரல் என்ற அலகில் சேர்த்துத் தரட்டும்.

உறிஞ்சப்பட்டது எங்கே போகிறது என்பதில், ‘எலும்பு’ என்ற ஒரே சொல்லால் முடித்துவிடக் கூடாது. ஸ்ட்ரோன்ஷியமும் ரேடியமும் கால்சியத்தைப் பின்பற்றிக் காலப்போக்கில் எலும்பின் கனிமம் முழுவதும் பரவ, புளூட்டோனியம் முதலில் எலும்பின் பரப்பில் படிகிறது. வளரும் எலும்பு அதன்மேல் புதிய அடுக்கை வைத்து மூடிவிடுவதால், எலும்பு மஜ்ஜை பெறும் கதிர்வீச்சளவு மாறுகிறது. சீசியமோ பொட்டாசியத்தைப் போலத் தசையை நாடும்.

செய்முறையில் பலரும் மறப்பது தாயெலியை. அது குட்டிகளை நக்கித்தான் சிறுநீர் கழிக்கச் செய்கிறது. குட்டி வெளியேற்றியது தாயின் வாய்க்குப் போய், ஒப்பிடுவதற்காக உலோகம் தராமல் வைத்த உடன்பிறந்த குட்டிகளின் தோலிலும் ஒட்டக்கூடும். எனவே உலோகம் தந்த குட்டிகளையும் தராத குட்டிகளையும் ஒரே கூண்டில் வைக்காமல் இருப்பதோடு, தாயையும் அதன் மலத்தையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.