நிஃப்டி ஃபண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்டிவ் ஃபண்ட்: சேர்க்கும் முறை

50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடான நிஃப்டி 50ஐ அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. (தவணை முறை முதலீடு) கட்டி வருபவர், மேலாளரே பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஓர் ஆக்டிவ் ஃபண்டையும் கூடவே சேர்க்க எண்ணினால், முதலில் பார்க்க வேண்டியது அதன் கடந்தகால வருமானத்தை அல்ல, அது வைத்திருக்கும் பங்குகளை. ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் போர்ட்ஃபோலியோ பட்டியலை நிஃப்டி பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டிலும் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் எந்தச் சதவீதம் குறைவோ அதை மட்டும் கூட்டிக்கொண்டே வந்தால், இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது தெரிந்துவிடும்.

அது 60 சதவீதம் என்றும், செலவு விகிதம் (ஃபண்ட் ஆண்டுதோறும் பிடித்துக்கொள்ளும் கட்டணம்) இண்டெக்ஸ் ஃபண்டுக்கு 0.2, ஆக்டிவ் ஃபண்டுக்கு 1 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 8,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆனால் மேலாளர் குறியீட்டிலிருந்து விலகி முதலீடு செய்திருப்பது 4 லட்சம் மட்டுமே என்பதால், அவருடைய திறமைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை 0.8 அல்ல, 2 சதவீதம்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, லார்ஜ் கேப் ஃபண்ட் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில் வைத்திருக்க வேண்டும். நிஃப்டி ஃபண்ட் கையில் இருக்கும்போது இந்த வகை தேவையில்லை என்பதே என் கருத்து. 101 முதல் 250 வரையிலான மிட் கேப், அதற்குக் கீழுள்ள ஸ்மால் கேப் பங்குகளில்தான், தரமற்ற நிறுவனத்தைத் தவிர்க்கும் உரிமைக்கு மதிப்பு உண்டு. குறியீட்டுக்கு அந்த உரிமை கிடையாது.

நிஃப்டி ஃபண்டுக்கு 70, ஆக்டிவ் ஃபண்டுக்கு 30 என்ற விகிதத்தில் தொடங்கலாம். அந்த 30 மூன்றாண்டுகள் பின்தங்கினாலும் பதறாமல் இருக்க முடியாது என்று தோன்றினால் 20 போதும். ஸ்மால் கேப் ஃபண்டை நிஃப்டியோடு ஒப்பிடாமல், ஈவுத்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் அதன் சொந்தக் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். மேலாளர் மாறினால் அந்த ஒப்பீட்டின் பெரும்பகுதி பழங்கதைதான்.

விகிதம் பிசகும்போது உடனே விற்க வேண்டாம். ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி, பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. ஆகவே புதிய எஸ்.ஐ.பி. தொகையைக் குறைந்துபோன பக்கம் திருப்புவதே மலிவான வழி. அதுவும் போதாமல் 30 என்பது 40ஐத் தொட்டுவிட்டால், ஓராண்டு கடந்த யூனிட்டுகளை மட்டும், ஒரு நிதியாண்டில் வரியில்லாத 1.25 லட்சம் ரூபாய் நீண்டகால லாப வரம்புக்குள், மார்ச் 31க்கு முன் ஒரு பகுதியும் ஏப்ரலில் மறு பகுதியுமாக விற்கலாம்.