ஸ்பான்சர் தலையாட்டினதும் ஜெர்சி அடிக்காதீங்க

பினாங்குல பொண்ணுங்களுக்குன்னு ஒரு சின்ன சைக்கிள் டீம் வச்சிருந்தோம். ஆறு பேரு, ஞாயித்துக்கெழம தெலுக் பஹாங் மேடு ஏறி பாலிக் புலாவ் பக்கம் எறங்கி தீவையே ஒரு சுத்து சுத்திட்டு வந்துருவாங்க, அதுல என் அக்கா மகளும் ஒருத்தி. நான் சைக்கிள் ஓட்டுற ஆளு இல்ல, காசு தேடுற ஆளு. அந்த வேலைல நான் அடிச்ச கூத்த சொல்றேன், நீங்களாவது செய்யாதீங்க.

மொதல் தப்பு, வாய் வார்த்தைய காசுன்னு நெனச்சது. பட்டர்வொர்த்துல ஒரு பாஸ் மாமாக் கடைல தே தாரிக் குடிச்சிக்கிட்டே "எவ்ளோ வேணும் தம்பி, 20,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போதுமா"ன்னாரு, நான் மறுநாளே அவரு லோகோ போட்டு ஜெர்சி அடிச்சி ரேஸுக்கு பேரும் குடுத்துட்டேன். அப்புறம் "அடுத்த வாரம் பாப்போம் லா", அதுக்கப்புறம் போனே எடுக்கல. எங்கம்மா இன்னைக்கும் அந்த ஜெர்சிய போட்டுக்கிட்டுத்தான் முருங்கைக்கு தண்ணி ஊத்துறாங்க. எந்த மாசம் எவ்ளோன்னு எழுதி வாங்குங்க, பாதி காசு பேங்க்ல விழுந்த பிறகு பிரிண்டர்கிட்ட போங்க. பெரிய டீம்ங்ககிட்டயே யுசிஐ, அதான் உலக சைக்கிள் சங்கம், பேங்க் கேரண்டி கேக்குது, நாம எந்த மூலைக்கு.

அடுத்தது ஒரே ஆள நம்புறது, இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. ரோட் ரேஸ் பாக்க யாரும் டிக்கெட் வாங்கறதில்ல, அதனால ஸ்பான்சர் போனா டீமே போச்சு. 2020ல பிக்லா-கட்யூஷான்னு ஒரு டீம், கொரோனா வந்ததும் ரெண்டு ஸ்பான்சரும் காச நிறுத்திட்டாங்க, ஜூலைல பவுல் காங்கிற பாரிஸ் துணி கம்பெனி வந்துச்சு, அப்பாடான்னு பாத்தா அந்த காசும் வரல, அக்டோபர்ல டீம மூடிட்டாங்க. செப்டம்பர்லதான் அந்த டீம் மார்லென் ராய்சர் உலக சாம்பியன்ஷிப் டைம் ட்ரயல்ல வெள்ளிப் பதக்கம் ஜெயிச்சிருந்தாங்க! ஜெயிச்சா காசு தானா வரும்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. ஒருத்தர்கிட்ட 20,000 கேக்கறதுக்கு பத்து கடைல 2,000 கேளுங்க, அலைச்சல் ஜாஸ்தி, ஆனா நிம்மதியா தூக்கம் வரும்.

பரிசு பணத்த பட்ஜெட்ல எழுதாதீங்க. 2022 பொண்ணுங்க டூர் டி பிரான்ஸ்லயே மொத்த பரிசு 250,000 யூரோதான். ஓசில வந்த சைக்கிளையும் காசு கணக்குல சேக்காதீங்க, சைக்கிள குடுத்து டோல் கட்ட முடியாது. நன்கொடைக்கு வரி கழிவு உண்டுன்னு சும்மா அள்ளி விடாதீங்க, அதுக்கு நம்ம அமைப்புக்கு அங்கீகாரம் இருக்கணும். "பாவம், பொம்பளப் புள்ளைங்க"ன்னு ஆரம்பிச்சா 200 வெள்ளி குடுத்து அனுப்பிடுவாங்க.

ஆனா நான் செஞ்சதுலயே மோசமானது, காசு வரலன்னு பொண்ணுங்ககிட்ட மறைச்சது. பிரெஞ்சு சாம்பியன் ஓட்ரே கோர்டோன்-ராகோ சேர இருந்த பி அண்ட் பி டீம் 2022 டிசம்பர்ல கவுந்துச்சு, அவசரமா ஸாஃப் டீம்ல சேந்தாங்க, அங்க சம்பளமே வரல. அவ்ளோ பெரிய ஆளுக்கே அப்படின்னா எங்க புள்ளைங்க என்ன பண்ணும். அக்கா மக கேட்டா, "மாமா, மொதல்லயே சொல்லியிருந்தா நான் பார்ட் டைம் வேலைய விட்டிருக்க மாட்டேன்ல?"