கடைவீதியில் சைக்கிள் ஸ்டாண்டு: பெங்களூருக்கு ஒரு செய்முறை

அல்சூர், சிவாஜிநகர் கடைவீதிகளுக்குச் சைக்கிளில் வருபவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி, ஹோட்டல் மாஸ்டர், பேப்பர் போடும் பையன், கேரியரில் ஃபிளாஸ்க் கட்டி டீ விற்பவர். வண்டி பெரும்பாலும் கனமான பழைய கறுப்பு சைக்கிள், பூட்டு பின்சக்கரத்து வளையப் பூட்டு. விலை உயர்ந்த கியர் சைக்கிளை மனதில் வைத்து வரைந்த ஸ்டாண்டு இவர்களுக்கு உதவாது. இவர்களுக்கு ஏற்றபடி வைத்தால் கியர் சைக்கிள்காரருக்கும் தானாகவே சரியாக இருக்கும்.

ஸ்டாண்டு வர வேண்டிய இடம் ரோடு, நடைபாதை அல்ல. நடப்பவருக்குத் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் விட வேண்டும் என்கிறது, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் பாதசாரி வழிகாட்டி. டிரான்ஸ்ஃபார்மர், மரம், கடைப் படிக்கட்டு எல்லாம் போக நம் வீதிகளில் அந்த 1.8 மீட்டர் கிடைப்பதே அபூர்வம். மிச்சமிருப்பதையும் சைக்கிளுக்குக் கொடுத்தால் கண் தெரியாதவரும் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளி வருபவரும் ரோட்டில் இறங்க வேண்டியதுதான். கார் ஓரமாக நிற்கும் வரிசையில் ஒரே ஒரு இடத்தை, அதாவது 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தை எடுத்தால் 12 சைக்கிள் நிற்கும்.

கடைக்காரர் உடனே, "கார் கஸ்டமர் போயிடுவாங்களே" என்பார். வாதாட வேண்டாம். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு என இரண்டு நாள், மணிக்கொரு தடவை அங்கே நிற்கும் வண்டிகளின் நம்பரைக் குறித்து அவரிடமே காட்டுங்கள். காலையில் வந்து ராத்திரி வரை நகராத கார் கடைக்காரருடையதாகவோ பக்கத்துக் கடை முதலாளியுடையதாகவோ இருப்பது சகஜம். அதே நோட்டில், சைக்கிள்கள் இப்போது எந்தக் கம்பத்தில், எந்த ஷட்டரில் சாய்ந்து நிற்கின்றன என்றும் எழுதுங்கள். ஸ்டாண்டு அங்கேதான் வர வேண்டும். கடை வாசலிலிருந்து இருபது மீட்டர் தள்ளி வைத்தால் மறுபடி கம்பத்தில்தான் சாய்ப்பார்கள்.

பஸ் ஸ்டாப், ஜீப்ரா கோடு, சாக்கடை வாய், சரக்கு இறக்கும் ஷட்டர், தள்ளுவண்டிக்காரர் வழக்கமாக நிற்கும் இடம், இவற்றை விட்டுவிடுங்கள். தெருமுனைக்குச் சற்று உள்ளே இருக்கும் இடம் நல்லது. அங்கே கார் நின்றால் திரும்பும் வண்டிக்குப் பார்வை மறையும், சைக்கிள் அவ்வளவாக மறைக்காது.

அனுமதி வாங்காமல் ரோட்டைத் தோண்டாதீர்கள். 2025 செப்டம்பர் முதல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. உங்கள் வீதி எதில் வருகிறது என்று பார்த்து வார்டு இன்ஜினியரிடம் மனுவோடு போங்கள். பெரிய ரோடு என்றால் அது வார்டு கையில் இருக்காது, அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கிங் இடத்தை நிர்ணயிப்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி நடக்கும் காரியம் என்பதால் டிராஃபிக் போலீஸுக்கும் மனுவின் ஒரு பிரதி கொடுங்கள். நகரத்தில் சைக்கிள் சம்பந்தமான வேலைகளைப் பார்க்கும் நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும், அதாவது டல்ட்டுக்கும், இன்னொன்று அனுப்புங்கள். மனு கன்னடத்தில் இருக்கட்டும். அளவு போட்ட படம், நான்கு பக்கத்திலிருந்தும் போட்டோ, எதிரெதிர் கடைக்காரர்கள் கையெழுத்து, பிறகு யார் பராமரிப்பார் என்ற ஒரு வரி. இந்தக் கடைசி வரி இல்லாத மனுதான் மேஜையிலேயே தூங்கும். ஸ்டாண்டில் கடைப் பெயரை எழுதாதீர்கள், விளம்பரக் கணக்கில் போய்விடும்.

இனி கம்பி. அபார்ட்மெண்ட் அடித்தளங்களில் பார்க்கும், முன்சக்கரத்தைச் செருகும் சீப்பு மாதிரி ஸ்டாண்டை வாங்கவே வாங்காதீர்கள். பக்கத்து வண்டி சாய்ந்தால் ரிம் கோணும், சைக்கிளின் சட்டத்தை, அதாவது ஃபிரேமை, பூட்டவும் வழியில்லை. கவிழ்த்த 'ப' வடிவக் கம்பியே போதும். சைக்கிள் அதன் மேல் இரண்டு இடத்தில் சாயும், சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரே செயினில் பூட்டலாம், இரு பக்கமும் ஒவ்வொரு வண்டி.

கம்பிக்கு எடுக்க வேண்டியது 40 என்.பி. (பெயரளவு உள்விட்டம் 40 மி.மீ.) இரும்பு பைப், கனத்தில் மீடியம் கிளாஸ், வெளிவிட்டம் 48 மி.மீ., சுவர்க் கனம் 3.2 மி.மீ. இதை விட மெல்லியதை ரம்பத்தால் சீக்கிரம் அறுத்துவிடலாம். தரைக்கு மேல் உயரம் 80 செ.மீ., நீளம் 75 செ.மீ. வளைவின் ஆரம் 15 செ.மீக்குக் குறைந்தால் பைப் வளைவில் சப்பிப் போகும், பட்டறையில் ஹைட்ராலிக் பெண்டரில் வளைக்கச் சொல்லுங்கள். 40 செ.மீ. உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி இருந்தால் லேடீஸ் சைக்கிளுக்கும் சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கும் உதவும்.

வளைத்து, வெல்டிங் முடிந்த பிறகுதான் ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. முன்பே துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டு செய்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து, அடுத்த மழையிலேயே துரு வரும். குறுக்குக் கம்பியின் இரு முனையிலும் 10 மி.மீ. துளை போடச் சொல்ல மறக்காதீர்கள். மூடிய பைப்பை 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து பைப் வெடிக்கக்கூடும்.

ஆறு மீட்டர் இடத்தில் கம்பிகளை நிறுத்தும் கணக்கு: இரு முனையிலும் 75 செ.மீ. விட்டு, கம்பிக்குக் கம்பி 90 செ.மீ. வைத்தால் ஆறு கம்பி. பால் கேன், காய்கறிக் கூடை கட்டிய வண்டிகள் அதிகம் வரும் வீதி என்றால் ஐந்தாகக் குறைத்து, இடைவெளியை 1.1 மீட்டராகவும் முனைகளை 80 செ.மீயாகவும் வையுங்கள். பத்து வண்டி தாராளமாக நிற்பது பன்னிரண்டு வண்டி சிக்கிக்கொள்வதை விட மேல். கம்பியின் நீளம் ரோட்டுக்குக் குறுக்காக, நடைபாதைக் கல்லுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அகலம் 2 மீட்டருக்குக் குறைவு என்றால் 45 டிகிரி சாய்த்து வைக்கலாம், எண்ணிக்கை குறையும்.

தார் ரோட்டில் போல்ட் போட்டு நிறுத்தினால் நிற்காது, வெயிலில் தார் இளகி ஆடத் தொடங்கும். ஒவ்வொரு காலுக்கும் 30 × 30 செ.மீ., 40 செ.மீ. ஆழக் குழி வேண்டும். கால் 30 செ.மீ. உள்ளே போகும், அடியில் 10 செ.மீ. கான்கிரீட். காலின் அடியில் 12 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றைக் குறுக்காக வெல்டு செய்துவிட்டால் யாரும் பிடுங்கிக் காயலான் கடைக்குக் கொண்டுபோக முடியாது. இப்படிப் புதைக்கும் கம்பி ஒன்றுக்கு 2.8 மீட்டர் பைப் ஆகும், 6 மீட்டர் நீளத்தில் இரண்டு வரும். ஆறு கம்பிக்கு மூன்று நீளம், குறுக்குக் கம்பிகளுக்கு இன்னொன்று. பன்னிரண்டு குழிக்கு 1 : 1½ : 3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் சிமெண்ட் நாலு மூட்டை சரியாக இருக்கும். கான்கிரீட் மேற்பரப்பை ரோட்டை விட 2 செ.மீ. உயர்த்திச் சரிவாக முடியுங்கள். தண்ணீர் தேங்கினால் பைப் தரையைத் தொடும் இடத்திலேயே அறுந்துவிடும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றி, அதுவரை யாரும் சாய்க்காதபடி கயிறு கட்டுங்கள்.

தோண்டுவது கடப்பாரையால்தான், ரோடு உடைக்கும் பிரேக்கர் மெஷின் வேண்டாம். நடைபாதைக் கல்லை ஒட்டித்தான் பெஸ்காம் மின்கேபிளும் தண்ணீர்க் கனெக்ஷனும் இன்டர்நெட் கேபிளும் பெரும்பாலும் ஓடும்.

ஒயிட் டாப்பிங் செய்த, அதாவது தாரின் மேல் கான்கிரீட் போட்ட ரோட்டில் குழி தேவையில்லை. காலடியில் 15 × 15 செ.மீ., 10 மி.மீ. தகடு வெல்டு செய்து, தகட்டுக்கு நான்கு 12 மி.மீ. கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் கெமிக்கல் பசை விட்டு நிறுத்தும் போல்ட், போதும். 14 மி.மீ. துளை, 11 செ.மீ. ஆழம். துளைத் தூசியை ஊதி எடுக்காமல் கெமிக்கலை விட்டால் அது தூசியில்தான் ஒட்டும், ஒரு இழுப்பில் கையோடு வரும். நட்டின் மேல் ஒரு சின்ன வெல்டு வைத்து, வெல்டு பட்ட இடத்தில் ஜிங்க் பெயின்ட் அடியுங்கள். இந்த வகையில் ஒரு கம்பிக்கு 2.2 மீட்டர்தான் ஆகும், ஆகவே ஒரு 6 மீட்டர் பைப்பிலேயே இரண்டு கம்பியும் அவற்றின் குறுக்குக் கம்பிகளும் கிடைத்துவிடும். பேவர் கல் பதித்த வீதியில் ஆங்கர் வேலைக்காகாது, கல்லை எடுத்துவிட்டுக் குழிதான்.

இன்ஜினியர் தயங்கினால் தற்காலிகமாக வைத்துக் காட்டலாம். 'C' வடிவ இரும்பான சி சேனல் இரண்டின் மேல் கம்பிகளை வெல்டு செய்து ஏணி மாதிரி கொண்டுவந்து இறக்கினால் தோண்டவே வேண்டாம். சேனலின் அடியில் மீட்டருக்கு ஒன்றாக 25 மி.மீ. கட்டை வெல்டு செய்திருக்க வேண்டும். ரோட்டுத் தண்ணீர் ஓரத்துக்குத்தான் ஓடும், சேனல் அதை மறித்தால் ஒரே மழையில் கடை வாசலில் குட்டை, அதோடு உங்கள் திட்டமும் முடிந்தது.

எல்லாம் முடித்தபின் வரும் தலைவலி ஸ்கூட்டர். 90 செ.மீ. இடைவெளியில் காலியாக இருந்தால் நுழைந்துவிடும், கம்பியால் மட்டும் தடுக்க முடியாது. இரு முனையிலும் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டிய இரும்புக் குட்டைக் கம்பம், தரையில் பெரிய சைக்கிள் படம், கன்னடத்தில் பெரிதாக எழுதிய பலகை, இவை பாதி வேலை செய்யும். மீதிப் பாதி, எதிர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர் முதல் மாதம் "அண்ணா, அது சைக்கிளுக்கு" என்று சொல்வது. ஆகவே கல்லாவிலிருந்து நேரே தெரியும் இடமாகப் பிடியுங்கள். வாடகை மின்வண்டிகள் வந்து அடைத்தால் அந்தக் கம்பெனி ஆப்பிலேயே புகார் போடுங்கள்.

மாதம் ஒருமுறை போல்ட், வெல்டு, குப்பை பாருங்கள். காற்று இறங்கி, சங்கிலி துருப்பிடித்து நிற்கும் சைக்கிளில் தேதி போட்ட சீட்டு ஒன்று கட்டுங்கள். பதினைந்து நாளில் யாரும் எடுக்காவிட்டால் போட்டோவோடு போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்கள். பூட்டை நீங்களே அறுக்காதீர்கள், ஊருக்குப் போன செக்யூரிட்டியின் வண்டியாக இருக்கலாம்.