குழந்தையின் கண்ணை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் இடது கண்ணில் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரைப் புற்றுநோய். கண்ணை எடுத்தோம், கீமோவும் கொடுத்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்று அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுக் கலங்கி நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

நாள் கடத்தாதீர்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள், பெண் பிள்ளைக்குக் கண்ணை எடுத்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்பார்கள். காதில் வாங்காதீர்கள். கட்டி கண்ணுக்குள் இருக்கும்வரை பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். பார்வை நரம்பு வழியாக மூளைக்குப் போய்விட்டால் காப்பாற்றுவது மிகக் கடினம். சிறிய கட்டியாக இருந்தால் கீமோ, லேசர் கொண்டே கண்ணைக் காக்கப் பார்ப்பார்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால், பெரும்பாலும் அந்தக் கண்ணில் மீட்கக்கூடிய பார்வை மிச்சம் இருக்காது.

மயக்க மருந்து கொடுத்துத்தான் அறுவை சிகிச்சை. பாலை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் குழந்தை பாலுக்கு அழும்போது பாட்டி மனம் இளகிக் கொடுத்துவிடக் கூடாது. எடுத்த கண்ணின் இடத்தில் ஒரு உருண்டையை வைத்துத் தைத்து, இமைக்கு அடியில் கண்ணாடி போன்ற மெல்லிய ஓடு ஒன்றைப் பொருத்துவார்கள். அது கழன்று விழுந்தால் பயப்படாதீர்கள். சுத்தமான டப்பாவில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். புண் ஆறி ஏறக்குறைய 6 வாரத்தில் செயற்கைக் கண்ணுக்கு அளவெடுப்பார்கள். மறு கண்ணைப் பார்த்து நிறம் தீட்டுவார்கள். என் மகளின் கண்ணில் மெல்லிய சிவப்பு நரம்புகள்கூட இருக்கின்றன.

எடுத்த கண் பரிசோதனைக்குப் போகும். பார்வை நரம்பின் வெட்டு முனையில் புற்றணு இருக்கிறதா என்று அந்த அறிக்கையில்தான் தெரியும். கீமோ வேண்டுமா என்பதையும் பெரும்பாலும் அதை வைத்தே முடிவு செய்வார்கள். பத்திரமாக வையுங்கள்.

கீமோவில் வழக்கமாக வின்கிரிஸ்டின், எட்டோபோசைடு, கார்போபிளாட்டின் என்று மூன்று மருந்துகள், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. முடி கொட்டும், திரும்ப முளைக்கும். நான் பயந்தது காய்ச்சலுக்குத்தான். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 100.4 டிகிரி வந்தால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். டாக்டரிடம் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். வின்கிரிஸ்டின் மலச்சிக்கல் தரும். மருந்து ஏறும் முன்பே அதற்கான சிரப்பைக் கேட்டு வாங்குங்கள். கார்போபிளாட்டின் காதைப் பாதிக்கலாம் என்பதால் செவித்திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி எதுவானாலும் கேட்டுவிட்டுத்தான். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தியதில் சிலருக்கு வருத்தம். வருத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

நல்ல கண்ணை மறந்துவிடாதீர்கள். குறித்த தேதியில் மயக்கம் கொடுத்துச் சோதிப்பதை ஒருமுறைகூடத் தவறவிட வேண்டாம். உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியை எப்போதும் போட்டுவிடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் வந்திருந்தாலும், இந்த நோயோடு தொடர்புடைய ஆர்பி1 என்ற மரபணுவுக்கான சோதனை பற்றிக் கேளுங்கள். கூடப்பிறந்தவர்களின் கண்களையும் இதே டாக்டரிடம் காட்டுங்கள்; இனி ஒரு குழந்தை பிறந்தால் முதல் வாரத்திலேயே காட்டிவிடுங்கள்.